நூலக வரி கட்டுகிறோம், நூலகம் எங்கே?



காப்பிப் பழம் பறிப்பு முடிந்து மக்கள் சற்று மூச்சு விட்ட நாட்களில், மாரமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அன்பியக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். செபம் முடிந்து கருப்பட்டிக் காப்பி வந்தது. அப்போது ஒரு தாய் தம் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்து நம்மிடம் நீட்டினார். "சாமி, இதுல ரெண்டு கணக்கு போட்டிருக்காங்க. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தோம். வீட்டு வரி 110 ரூபாய். அதன் கீழே நூலக வரி 11 ரூபாய். படித்துச் சொன்னோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "லைப்ரரிக்கா? எந்த லைப்ரரிக்குச் சாமி?" என்று கேட்டார்.

கூட்டத்தில் இருந்த ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்த நமக்கும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக நம் பங்கு மக்கள் கட்டிவரும் ஒரு வரியைப் பற்றி ஒரு மறையுரையிலும் நாம் பேசியதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. மலை இறங்கி வந்த பிறகு தேடிப் படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் தமிழ்நாடு பொது நூலகங்கள் சட்டம், 1948. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றம் இதை நிறைவேற்றியது. கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945இல் ஒரு நூலகச் சட்டம் வந்ததை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்திய மாகாணங்களிலேயே முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். சட்டத்துக்கு உழைத்தவர் சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான மனிதர் அவர்.

அவர் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமல்ல. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை அவர் முன்வைத்தார். 1933இல் பஷீர் அகமது சயீத் என்னும் உறுப்பினர் அதைச் சென்னைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்றார். நிறைவேறவில்லை. ஏழை நாட்டில் புத்தகத்துக்கு வரி போடுவதா என்ற தயக்கம் அந்நாளில் பலருக்கு இருந்தது. அதன் பின் 15 ஆண்டுகள் காத்திருந்து, ஓயாமல் கேட்டுத்தான் இந்தச் சட்டம் பெறப்பட்டது. இடையில் 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார். சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க மனமில்லாத மனிதர்களும் அன்று இருந்தார்கள்.

1950 ஏப்ரல் முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னை கன்னிமாரா நூலகம் அன்றே மாநில மைய நூலகம் ஆயிற்று. மாவட்டம்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நூலகத்துக்கான பணத்தை அரசின் தயவுக்கு விடாமல் வீட்டு வரியோடு சேர்த்தே வசூலிக்கச் சட்டம் வழி செய்தது. தொடக்கத்தில் ரூபாய்க்கு 6 பை, அதாவது ஏறக்குறைய 3 பைசா. படிப்படியாக உயர்ந்து இன்று ரூபாய்க்கு 10 பைசா ஆகியிருக்கிறது. அந்தத் தாயின் 110 ரூபாய்க்கு 11 ரூபாய் வந்த கணக்கு இதுதான். சென்னை நகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களில், வசூலாகும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகத் தர வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நூலகச் சட்டம் இருக்கிறது. ஆனால் மராட்டியம், மேற்கு வங்கம் போன்ற பெரிய மாநிலங்களின் சட்டங்களில்கூட இப்படித் தனி வரி கிடையாது. அந்த வகையில் நம் முன்னோர் நமக்குத் தந்துவிட்டுப் போனது ஒரு நல்ல சட்டம்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? பணம் போகும் பாதையைப் பார்ப்போம்.

வரியை வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. அவை அந்தத் தொகையைப் பிரித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். நூலகங்களை நடத்துவதும், வாடகை கொடுப்பதும், நாளிதழ் வாங்குவதும் ஆணைக்குழு. வசூலிக்கிறவர் ஒருவர், செலவிடுகிறவர் வேறொருவர். நடுவில்தான் பணம் தங்கிவிடுகிறது. உள்ளாட்சி அமைப்புகள் நூலக வரியை மக்களிடம் வாங்கிவிட்டு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் கோடிக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது நாளிதழ்களில் பலமுறை வந்த செய்தி. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பணம் போதாத ஓர் அமைப்பு, கையில் இருக்கும் நூலகப் பணத்தை எடுத்துப் புழங்கிவிடுவது மனித இயல்புதான். அதை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் அது அவர்களுடைய பணம் அல்லவே! இன்ன காரியத்துக்கு என்று சொல்லி ஏழையிடம் வாங்கிய பணம். நம் பங்கில் புனித அந்தோணியார் உண்டியலுக்கு வந்த காசை எடுத்துப் பங்கு இல்லத்துக்கு வெள்ளை அடித்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இதைச் சரிசெய்வது இன்று கடினமே அல்ல. ஊராட்சிகளின் வீட்டு வரியை இப்போது இணையவழியிலேயே செலுத்தலாம். வரி செலுத்திய அந்த நொடியிலேயே நூலக வரியின் பங்கு தனியே பிரிந்து மாவட்ட ஆணைக்குழுவின் கணக்கில் சேருமாறு செய்துவிட முடியும். அதற்குச் சட்டத்தில் ஒரு திருத்தமும், அதைக் கொண்டுவர ஓர் அரசும் போதும். 2022இல் தமிழகத்தின் நகரப் பகுதிகளில் சொத்து வரி கணிசமாக உயர்த்தப்பட்டது. அதோடு சேர்ந்து நூலக வரியும் தானாகவே உயர்ந்திருக்கிறது. கூடுதலாக வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது நம் கருத்து.

மலைக்கு வருவோம். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் 9 ஊராட்சிகள். அவற்றுக்குள் சேர்வராயன் மலையெங்கும் சிதறிக் கிடக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினரும் காப்பித் தோட்டத் தொழிலாளரும். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கான தனித் தொகுதிதான். இங்கே ஓட்டு வீட்டுக்கும் தகர வீட்டுக்கும் வரி சொற்பம், அதில் பத்தில் ஒரு பங்கு என்பது அதைவிடச் சொற்பம். "நீங்கள் கட்டுகிற வரிக்கு இவ்வளவுதான் முடியும்" என்று யாராவது கணக்குப் பேசினால், மலைக்கு ஒரு நாற்காலிகூட வராது. அதனால்தான் 1948இன் சட்டம் வரியை ஊர் ஊராகப் பிரிக்காமல் மாவட்டத்துக்கு ஒரே பையில் போட்டது. சேலம் மாநகரின் கடைவீதியில் வசூலாகும் நூலக வரி, மாரமங்கலத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். இது யாரோ இடும் பிச்சை அல்ல, சட்டத்தின் உயிர்நாடியே இந்தப் பொதுப் பைதான்.

ஆனால் நடைமுறையில் பை எந்தப் பக்கம் திறக்கிறது? ஓர் ஊரில் புதிதாக நூலகம் வேண்டுமென்றால் ஊரார் இடமோ கட்டடமோ காட்ட வேண்டும், உறுப்பினர்களைச் சேர்த்துக் காட்ட வேண்டும், ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுக்கும் புரவலர்களைப் பிடிக்க வேண்டும். சமவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வணிகர்களும் இருக்கிற ஊரில் இதெல்லாம் ஒரு மாதத்து வேலை. 40 வீடுகள் இருக்கும் மலைச் சிற்றூரில் புரவலருக்கு எங்கே போவது? மிளகு விலை நன்றாக இருந்த ஆண்டிலேயே ஒருவர் நம்மிடம், "ஆயிரம் ரூபாய் இருந்தா நான் ஆடு வாங்குவேன் சாமி" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தலைகளை எண்ணி நூலகம் கொடுப்பது என்றால் மலைக்கு என்றுமே வராது. தூரத்தையும் பாதையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தனி அளவுகோல் மலைப் பகுதிகளுக்கு வேண்டும். இதைச் சட்டத்திலோ விதிகளிலோ எழுதினால்தான் நிலைக்கும். ஒரு நல்ல அதிகாரியின் நல்ல மனதை நம்பியிருந்தால், அவர் மாறுதலாகிப் போகும் நாளில் அதுவும் போய்விடும்.

"ஏன் சாமி, ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்களே?" என்று சிலர் கேட்கலாம். கட்டினார்கள். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 5 ஆண்டுகளில் மாநிலத்தின் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் சராசரியாக 20 லட்சம் ரூபாய் வீதம் ஒதுக்கி, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு நூலகம் அமைத்தார்கள். எண்ணிப் பாருங்கள், பொது நூலகத் துறையின் நூலகங்கள் எல்லாம் சேர்ந்தும் ஐயாயிரத்தைத் தொடவில்லை. அப்படியிருக்க, ஒரே திட்டத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! யார் செய்திருந்தாலும் பாராட்ட வேண்டிய முயற்சி.

மலையில் ஓர் ஊராட்சியில் அத்தகைய கட்டடம் ஒன்றை நாம் பார்த்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும், தேர்தலுக்கு வந்த ஒரு மேசையும், பிரிக்காத புத்தகக் கட்டு ஒன்றும் தெரிந்தன. எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல வரவில்லை. நன்றாக நடக்கிற ஊர்களும் உண்டு. ஆனால் பூட்டிக் கிடப்பதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் ஊராட்சி நடத்துபவை. நூலகத் துறையின் கீழ் வருபவை அல்ல. எனவே மக்கள் கட்டும் நூலக வரி இந்த நூலகத்துக்கு வர வழியில்லை! பார்த்துக்கொள்பவருக்குச் சிறு மதிப்பூதியம். அதுவும் நின்றுவிட்டால் கதவு சாத்தப்படும். 2025 சனவரி 5ஆம் நாளோடு சேலம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் சென்றன. பல ஊராட்சிகளைச் சுமக்கும் ஓர் அலுவலருக்கு நூலகச் சாவி எத்தனையாவது கவலையாக இருந்திருக்கும்?

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அங்கே 1850இல் முதல் பொது நூலகச் சட்டம் வந்தபோது, நகரங்கள் அரை பென்னி வரி வசூலித்துக் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். புத்தகம் வாங்க மட்டும் அந்த வரியைத் தொடக்கூடாது! யாராவது நன்கொடை தருவார்கள் என்ற நம்பிக்கை. 5 ஆண்டுகளில் தவற்றை உணர்ந்து சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நம் ஊராட்சி நூலகங்களின் கட்டடங்கள் எழுந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவற்றை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்து, ஆணைக்குழுவின் நிதியிலிருந்து ஆளும் நூலும் கிடைக்கச் செய்வதுதான் நேரான தீர்வு.

அண்டை மாநிலமான கேரளத்தில் வேறு வழியில் போனார்கள். 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து ஓர் இயக்கமாக்கினார். 1989இல் வந்த அவர்களுடைய சட்டம் கட்டட வரியில் 5 விழுக்காடுதான் கேட்கிறது, நம்மில் பாதி. ஆனால் நூலகத்தை நடத்துவது ஊர் மக்களின் அமைப்பு. அரசு மானியம் தருகிறது. அங்கே நூலகம் பூட்டியிருந்தால் கேட்க ஊரில் நாலு பேர் இருப்பார்கள். நம் சட்டத்தில் வரி கட்டுகிறவருக்கு அந்த இடம் இல்லை. மாவட்ட ஆணைக்குழுவில் ஒரு பழங்குடி உறுப்பினராவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

தலைநகரில் நூலகத்துக்கு ஆபத்து வந்தபோது என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்போம். 2010 செப்டம்பர் 15இல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் கொதித்தெழுந்தனர், வழக்குத் தொடர்ந்தனர். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் தப்பியது. 2023 சூலை 15இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் நம் சேலத்துக்கும் பெரிய நூலகம் ஒன்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கச் சேலம் போய்வர வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு மகளை நமக்குத் தெரியும். இருட்டுவதற்குள் மலையேற வேண்டும் என்பதால் மதியமே நூலகத்திலிருந்து எழுந்துவிடுவாள். காட்டெருமை பயம் வேறு. மூன்றாம் மாதம் அவளுடைய அப்பா, "போதும்மா" என்று நிறுத்திவிட்டார். இன்று பழம் பறிக்கப் போகிறாள். சென்னையில் நூலகத்தை மூட நினைத்தபோது வழக்குப் போட ஆள் இருந்தது. மலையில் திறக்காமலே இருக்கும் நூலகத்துக்கு யார் வழக்குப் போடுவார்?

"எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். கைப்பேசிக் கோபுரத்தின் பார்வையே படாத சிற்றூர்கள் நம் மலையில் இருக்கின்றன என்பது ஒரு பதில். கைப்பேசி வீட்டுக்கு ஒன்று, அதுவும் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும் என்பது மற்றொரு பதில். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு மேசையும் விளக்கும் அமைதியும் வேண்டும். ஓர் அறை வீட்டில் அவை கிடைப்பதில்லை.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் இயேசு எழுந்து நின்று எசாயாவின் சுருளேட்டை வாசித்ததை லூக்கா நற்செய்தியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தச் சுருள் யாருடையது? தச்சர் வீட்டில் அத்தகைய சுருளை வாங்கி வைத்திருக்க முடிந்திருக்குமா? ஊருக்குப் பொதுவான சுருள் அது. அதைப் பாதுகாத்து எடுத்துக் கொடுக்கவும், திரும்ப வாங்கி வைக்கவும் ஓர் ஏவலர் அங்கே இருந்ததை லூக்கா மறக்காமல் எழுதுகிறார்.

நம் திருச்சபைக்கும் இந்தப் பணி புதிதல்ல. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னே ஓர் அருட்தந்தையின் சிலை உண்டு. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த அயர்லாந்துக்காரர் லோங் அடிகளார். ஊராரோடு சேர்ந்து அந்த நூலகத்துக்காக நிதி திரட்டியவர். கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவர் வேறு யாருமல்ல, நம் அரங்கநாதன்தான். 1959இல் திறக்கப்பட்ட அந்த நூலகம் 1981 சூன் முதல் நாள் இரவு எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர்துறந்தார். நூல்களை அந்த அளவுக்கு நேசித்த குருக்களின் வழியில் வந்த நாம், நம் பங்கு நூலகத்தை இரண்டு பீரோவில் வைத்துப் பூட்டி, திருவிழாக் கொடிகளை அதன்மேல் அடுக்கி வைத்திருக்கிறோம். முதலில் நம் பூட்டைத் திறப்போம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வழிபாட்டுத் தலம் என்பதால் நம் கோவிலுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. ஆக, அந்தத் தாய் கட்டும் 11 ரூபாய் நூலக வரியைக்கூட நம் கோவில் கட்டுவதில்லை. அதனால்தான் அவருக்காகப் பேசும் கடமை நமக்குக் கூடுதலாக இருப்பதாக நினைக்கிறோம்.

நூலகங்களுக்கான ஒதுக்கீடு சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கையில் வருகிறது. அதற்கு முன்னதாகவே நம் தொகுதி உறுப்பினர் கையில் நம் விண்ணப்பம் இருக்க வேண்டும். அன்பியங்களின் பொறுப்பாளர்களோடு கலந்துபேசி ஒரு விண்ணப்பம் தயாரித்திருக்கிறோம். அதில் நான்கு கோரிக்கைகள்: நூலக வரி நேரடியாக ஆணைக்குழுவின் கணக்குக்குப் போக வேண்டும், ஆண்டுக் கணக்கு வெளியிடப்பட வேண்டும், மலைப் பகுதிக்குத் தனி அளவுகோல் வேண்டும், ஊராட்சி நூலகங்கள் சட்டத்தின் கீழ் வர வேண்டும். பாதை முடியும் சிற்றூர்களுக்கு அதுவரை வாரம் ஒருமுறை நடமாடும் நூலக வண்டி வந்தால் போதும் என்றும் சேர்த்திருக்கிறோம். 1931இல் மாட்டு வண்டியால் முடிந்தது இன்று ஜீப்பால் முடியாதா?

விண்ணப்பத்தோடு கிராம சபையிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். நம் மக்கள் மட்டும் போனால் "சாமியார் ஆட்கள்" என்று ஒதுக்கிவிடுவார்கள். கரியராமர் கோவில் பூசாரியையும் ஊர்க் கவுண்டரையும் பார்த்துப் பேசியிருக்கிறோம், வருவதாகச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் யாரும் உடனே கலைந்துவிட வேண்டாம். வீட்டில் இருக்கும் வரி ரசீதுகளை, எத்தனை பழையதாக இருந்தாலும், எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றிலும் நூலக வரி எவ்வளவு என்று இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். மொத்தத்தைக் கூட்டி விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதப் போகிறோம்.